விரிப்பின் மறுமுனை

பிப்ரவரி 6

என் கத்திரிக்கோல் நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நான் சௌக்கியம். உன் அண்ணன் சௌக்கியம். அவருடைய தொப்பை எங்கள் இரண்டு பேரையும்விட சௌக்கியம். உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? தையல் கடையில் குனிந்து குனிந்து வந்த முதுகுவலி விட்டதா?

போனில் பேசினால் என்ன என்று கேட்கிறாய். போனை எடுத்தால் உன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "என்னவாம், என்னவாம்" என்று கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்வதா, உன்னோடு பேசுவதா? அதுவும் போக, நான் அஞ்சாம் வகுப்பு வரை கஷ்டப்பட்டுப் படித்தது உனக்குக் கடிதம் எழுதத்தானே!

சலவைக்கூடத்தில் என்னைத் துவைக்கும் பக்கத்திலிருந்து மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு எல்லாம் சூடான உருளைக்குள் நுழைந்து, இஸ்திரியாகி மறுபக்கம் வரும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து இழுத்து உதற வேண்டும். பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. நானூறு தடவை எதிராளியின் மூக்குக்கு நேராக என் மூக்கு. உன் அண்ணன் முகத்தைக்கூட நான் இத்தனை பக்கத்தில் இத்தனை தடவை பார்த்ததில்லை.

என் எதிராளிக்கு என்னைவிட இரண்டு வயது கூட. தூறல் என்று பெயர் வைத்திருக்கிறேன். மழை என்றால் கொட்டிவிட்டு நிற்கும். இவள் நிற்கவே மாட்டாள். ஒவ்வொரு தடவை மூலை சேரும்போதும் ஒரு குறை. "சூடு பத்தல." அடுத்த விரிப்பு, "சூடு ஜாஸ்தி." டீ வந்தால், "கொதிக்குது, எப்படிக் குடிக்கிறதாம்?" கொஞ்சம் பொறுத்து, "ஆறிப்போச்சு, யார் குடிப்பா?"

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. எந்த ஜோடி எத்தனை விரிப்பு மடித்தது என்று தினமும் சாக்பீஸால் எழுதுகிறார்கள். மூன்று மாதம் தொடர்ந்து கடைசியில் நிற்கிற ஜோடிக்கு வேலை போய்விடும். உன் அண்ணனுக்கு முழங்கால் வலி. லாரியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் போகிறார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? ஒரு தூறலில் நான் நனைந்து போகக் கூடாது.

பிள்ளைகளிடம் அத்தை கேட்டதாகச் சொல்.

அண்ணி

*

பிப்ரவரி 20

அன்பு அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்ததில் ஒரு பிளவுசுக்குக் கை மாறித் தைத்துவிட்டோம். பிரித்துத் தைக்கிற கூலியை உங்களிடம்தான் வாங்க வேண்டும்.

என் பக்கத்து மிஷினில் இதே மாதிரி ஒருத்தி இருந்தாள். நூல் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை, வாடிக்கையாளரின் கழுத்தே சரியில்லை என்பாள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் சொல்வதை எண்ண ஆரம்பித்தேன். எண்ண ஆரம்பித்தால் கோபம் வராது, அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்கத் தோன்றும். நீங்களும் எண்ணி எனக்கு எழுதுங்கள். எங்கள் கடைக்கும் பொழுது போகும்.

அண்ணனின் தொப்பையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நாத்தனார்

*

மார்ச் 8

கத்திரிக்கோலுக்கு,

நானும் உன் அண்ணனும் நலம். நீ சொன்னபடி எண்ணினேன். போன செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் மட்டும் முப்பத்தெட்டு. கடையில் படித்துக் காட்டு, ஆனால் கையில் பிளவுஸ் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

சூட்டைப் பற்றி ஒன்பது. டீயைப் பற்றி நாலு. விரிப்பில் படுத்துப் புரண்ட முகம் தெரியாத ஆளைப் பற்றி ஆறு ("ஓரத்தைக் கடிச்சானா என்ன இவன்?"). அவளுடைய செருப்பைப் பற்றி மூன்று. மருமகனைப் பற்றி ஐந்து. சூப்பர்வைசரின் சட்டைக் கலரைப் பற்றி ஒன்று. "உன் பக்கம் தொங்குது" என்று என்னைப் பார்த்து ஏழு. மேலே பறந்துபோன ஏரோப்பிளேனைப் பற்றி ஒன்று. மீதி இரண்டு எனக்கே விளங்கவில்லை. முனகலாகப் போய்விட்டது.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். "காதுல என்ன, சீழா? டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று அரைமணி நேரம் பேசினாள். பாட்டுப் பாடிப் பார்த்தேன். சுருதி சரியில்லை என்றாள். கடைசியில் அவளை முந்திக்கொண்டு நானே புலம்பினேன். "ஐயோ, இந்தச் சூடு! ஐயோ, இந்த டீ! ஐயோ, இந்தக் கூரை எவ்வளவு உயரத்துல இருக்கு!" என்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்பதான் மனுஷி மாதிரி பேசுற" என்றாள். அடச்சே என்று ஆகிவிட்டது.

இந்த மாதம் பலகையில் எங்கள் ஜோடிதான் கடைசி. வாய் ஓடுகிற அளவுக்கு அவளுக்குக் கை ஓட வேண்டாமா?

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு. மலிவுப் பேனா.

அண்ணி

*

மார்ச் 25

அன்பு அண்ணிக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். பெரியவனுக்கு லேசாகச் சளி, மற்றபடி குறையில்லை. ஏரோப்பிளேனுக்குத்தான் கடையில் சிரிப்பு அதிகம்.

ஆனால் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தனியாக இன்னொரு தடவை படித்தேன். மற்ற முப்பத்தொன்றும் சூடு, டீ, செருப்பு என்று ஊரில் உள்ளதைப் பற்றி. அந்த ஏழு மட்டும் உங்களைப் பற்றி. உன் பக்கம் தொங்குது என்று ஒரே நாளில் ஏழு தடவை ஏன் சொல்கிறாள்?

முதல் கடிதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேனா ஒன்றுதான், மை ஒன்றுதான். எழுத்துதான் வேறு. எங்கள் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற அக்காவுக்குக் கை மரத்துப்போய், ஊசியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாமல் இருந்தது. அதனால் கேட்கிறேன். உங்கள் கை எப்படி இருக்கிறது, அண்ணி?

நாத்தனார்

*

ஏப்ரல் 19

கத்திரிக்கோலுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நாங்கள் நலம். பெரியவனின் சளி போய்விட்டதா? வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல். உன் அண்ணன் முழங்காலுக்கு ஏதோ தைலம் தேய்க்கிறார், வீடே லாரி ஷெட் மாதிரி மணக்கிறது. தொப்பையில் ஒரு சட்டைப் பொத்தான் தெறித்துப் போய் சுவர்க் கடிகாரத்தில் பட்டது. நம்பாவிட்டால் வந்து பார், கண்ணாடியில் கீறல் இருக்கிறது. மாடிவீட்டுக்காரி பூனை வளர்க்கிறாள். அதற்கும் உன் அண்ணனுக்கும் ஆகவில்லை.

தூறல் இப்போது புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறாள். பாதி விரிப்பில் திடீரென்று நின்றுவிடுகிறாள். விரிப்பை மேசைமேல் போட்டு, இடுப்பில் கைவைத்து, "என்னால முடியலடி அம்மா, கொஞ்சம் நிக்கிறேன்" என்று மருமகன் கதையை எடுக்கிறாள். மணிக்கு நாலு தடவை. பக்கத்து மேசையில் அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது. நான் கையை உதறிக்கொண்டு நிற்கிறேன். இரண்டாவது மாதமும் பலகையில் நாங்கள்தான் கடைசி.

நேற்று சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தம்மாவோட வாயிலதான் உங்க கணக்கு போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, ஜோடியை மாத்திடறேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவளை மாற்றினால் துவைக்கும் பக்கம் போட்டுவிடுவார்கள். அங்கே எப்போதும் ஈரம். கெட்டவள் இல்லை, புலம்புகிறவள். ஆனால் எனக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

அண்ணி

*

ஏப்ரல் 27

அன்பு அண்ணிக்கு,

இங்கே நலம்.

கையைக் கேட்டேன். நீங்கள் சளி, தைலம், தொப்பை, கடிகாரம், பூனை என்று ஊர்வலமே விட்டிருக்கிறீர்கள். அதில் கை மட்டும் வரவில்லை. "கையை உதறிக்கொண்டு நிற்கிறேன்" என்று நீங்களே எழுதியிருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நான் கவனித்தேன்.

சூப்பர்வைசரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு முன் ஒரே ஒரு நாள், அவள் என்ன புலம்புகிறாள் என்று எண்ண வேண்டாம், எப்போது நின்றுவிடுகிறாள் என்று மட்டும் பாருங்கள்.

உடனே பதில் போடுங்கள்.

நாத்தனார்

*

ஏப்ரல் 30

கத்திரிக்கோலுக்கு,

சௌக்கியம். உன் கடிதம் இன்னும் வரவில்லை, நானே முந்திக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன். ஜோடியை மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு மூன்றாவது நாள். புதியவளுக்கு முப்பது வயதுகூட இல்லை. மின்னல் என்று பெயர் வைத்தேன். பேச்சே கிடையாது. பிடித்தாள், உதறினாள், வந்தாள், போனாள். காது குளிர்ந்துவிட்டது, போ. நினைத்தபடி எல்லாம் நடந்துவிட்டது.

தூறலைத் துவைக்கும் பக்கம் போட்டார்கள். மேசையில் இருந்த தன் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது "வெளிச்சம் பத்தாது அந்தப் பக்கம்" என்றாள். அவ்வளவுதான்.

பேனா மறுபடியும் தகராறு. சின்னக் கடிதம் என்று நினைக்காதே.

அண்ணி

*

ஜூன் 4

அன்பு அண்ணிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. அண்ணனுக்குப் போன் செய்தால் "நல்லாதான் இருக்கா, சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா" என்கிறார். நீங்கள் சிரிப்பதை வைத்து அவர் என்னத்தைக் கண்டுபிடிப்பார்? பிரசவ வலியிலும் நர்ஸுக்கு ஜோக் சொன்னவர் நீங்கள்.

எனக்குச் சிரிப்பு வேண்டாம். கதை வேண்டாம். ஒரு வரி போதும். யாரையாவது எழுதச் சொல்லியாவது அனுப்புங்கள். இந்த வாரம் வராவிட்டால் நானே பஸ் ஏறிவிடுவேன். கடையில் பள்ளிச் சீருடை குவிந்து கிடக்கிறது, அந்தப் பாவமும் உங்களுக்குத்தான்.

நாத்தனார்

*

ஜூன் 12

என் கத்திரிக்கோல் நாத்தனாருக்கு,

அண்ணி சொல்லச் சொல்ல வேறொருத்தி எழுதுவது. என் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே. பயப்படுகிற கட்டம் போன வாரமே முடிந்துவிட்டது. பஸ் ஏற வேண்டாம், சீருடையைத் தை.

எழுதுவது தூறல். (என் பெயர் தூறலா? இன்றைக்குத்தான் தெரிகிறது. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஆடுகிறது, அதில் உட்கார்ந்து எழுதுகிறேன்.) அடைப்புக்குள் வருவது எதுவும் நான் சொன்னதல்ல.

எல்லாம் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கை மரத்துப்போனது ஜனவரியில். கட்டை விரலும் அதையடுத்த இரண்டு விரலும். துவைக்கும் பக்கத்தில் வாளியைக் கீழே போட்டேன், அதனால்தான் மடிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். வாளி வழுக்கிவிட்டது என்று சிரித்துச் சமாளித்தேன். உன் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த முழங்காலோடு வாரம் ஆறு நாள் லாரி ஏறுவார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் உனக்கும் எழுதவில்லை. கையைப் பற்றி எழுதினால் உனக்கே பொய் சொல்ல வேண்டி வரும், அதனால் பூனையைப் பற்றி எழுதினேன்.

மின்னலோடு நாலாவது நாள் என் மூலை நழுவி, விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. அன்றைக்கு மட்டும் பதினோரு விரிப்பு நழுவியது. பலகையில் எங்கள் எண் தூறலோடு இருந்ததைவிடக் கீழே போனது. சூப்பர்வைசர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஜோக் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் தொங்குகிறது என்று அவள் மூன்று மாதமாகச் சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. அவள் சொல்லும்போதெல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

(தொங்குது என்றேன். கையைக் காட்டு என்றேன். டாக்டரிடம் போ என்றேன். எதையும் கேட்கவில்லை. பாட்டுப் பாடினாள், சுருதி வேறு இல்லை. இவள் முகம் வெளுக்கும்போதெல்லாம் நான் விரிப்பைப் போட்டுவிட்டு நின்றேன். உருளையில் சரியாகக் காயாமல் கனமான ஈர விரிப்பு வந்தால் மூன்று மூலையை நான் பிடித்தேன். என் தோள் இன்னும் வலிக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை.)

கேட்டுவிட்டேன், எழுது. அவளை மாற்றச் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு என்ன சொன்னாள் என்று அவளையே எழுதச் சொல்கிறேன். (இன்னும் ஒரு மாதம் முந்தியே மாற்றச் சொல்லியிருந்தால் என் தோளாவது மிஞ்சியிருக்கும் என்றேன். உண்மைதானே.)

இவள் துவைக்கும் பக்கம் போனவள் சும்மா இருந்தாளா? எங்கள் கூடத்தில் மருத்துவ அறை ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் நர்ஸ் வருவார். இவள் அங்கே போய் உட்கார்ந்து, "அந்த மேசையில ஒருத்திக்குக் கை போச்சு, நீங்க இங்க ஃபேன் காத்துல உட்கார்ந்திருக்கீங்க" என்று ஆரம்பித்திருக்கிறாள். முதல் நாள் போகச் சொல்லிவிட்டார்கள். மறுபடி போனாள். ஃபேன் சத்தத்தில் தொடங்கி, கதவின் கீச்சு, என் கை, மருமகன், மறுபடி என் கை. நாலாவது தடவை இவள் வாய் ஓய்ந்தால் போதும் என்று நர்ஸே எழுந்து என் மேசைக்கு வந்தார். ஊசியால் விரல் நுனியில் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். நான், "எங்க குத்துறீங்க, சொல்லுங்க, தெரியுதுன்னு சொல்லிடறேன்" என்றேன். நர்ஸும் சிரிக்கவில்லை. அந்த நிமிஷம்தான் அழுகை வந்தது.

மணிக்கட்டில் நரம்பு இறுகியிருந்ததாம். சின்ன ஆபரேஷன். அரைமணி நேரம். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் விரல் திரும்பியிருக்காது என்றார் டாக்டர். இப்போது கட்டை விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. அப்படி ஊர்ந்தால் நல்லது என்கிறார். அந்த எறும்பை நான் வெல்லம் வைத்து வளர்ப்பேன்.

வேலையும் போகவில்லை. நர்ஸ் எழுதிய காகிதம் ஆபீசுக்குப் போனது. வேலையால் வந்த கோளாறு என்பதால் எங்கள் பழைய எண்ணைப் பலகைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். கட்டுப் பிரித்த பிறகு கொஞ்ச நாள் தலையணை உறை மடித்தால் போதும். சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து சொன்னார். உன் அண்ணன் அவருக்கு டீ போட்டார். உன் அண்ணனும், ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டேனே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார், பாவம். (டீயில் சர்க்கரை அதிகம்.)

உன் பக்கத்துச் சேதி எழுது. எழுதியவளுக்குக் கை வலிக்கிறதாம்.

அண்ணி
(வலிக்கிறது.)

*

ஜூன் 21

அன்பு அண்ணிக்கும், அடைப்புக்குள் எழுதும் அக்காவுக்கும்,

கடிதத்தைக் கடையில் படிக்க ஆரம்பித்தேன், பாதிக்கு மேல் முடியவில்லை. காஜா எடுக்கிற அக்கா வாங்கிப் படித்து முடித்தார். கடையில் உள்ள எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டோம். எனக்கு இப்போதுதான் சோறு இறங்குகிறது.

அண்ணி, உங்களைத் திட்டுவதற்கு நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். பிழைத்துப்போங்கள். ஆனால் இனிமேல் என்னிடம் பூனையை அனுப்பினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்கா, உங்களைப் பார்த்ததில்லை. தினமும் முப்பத்தெட்டு சொல்லுங்கள், ஒன்றுகூடக் குறைக்காதீர்கள். தோளுக்கு இத்துடன் ஒரு பட்டி தைத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே பஞ்சு வைத்திருக்கிறேன். நிச்சயம் ஏதாவது சரியாக இருக்காது. என்னவென்று எழுதுங்கள், மாற்றித் தைத்துத் தருகிறேன்.

நாத்தனார்

*

ஆகஸ்ட் 9

கத்திரிக்கோலுக்கு,

நானே எழுதுகிறேன். பேனா அதே மலிவுப் பேனாதான், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. உன் அண்ணனும் நலம், வீட்டு வேலையில் பாதியைத் தானே செய்கிறார், பாத்திரத்தில்தான் கொஞ்சம் சோப்பு மணம் மிஞ்சுகிறது. பட்டி அளவு சரியாக இருந்ததாம். சரியாக இருந்ததில் அவளுக்கு ஒரே ஏமாற்றம். கடைசியில், கலர் பிடிக்கவில்லை என்று சொல்லச் சொன்னாள். தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறாள்.

ஐந்து வாரம் தலையணை உறை. இன்றைக்குத்தான் பெரிய மேசைக்குத் திரும்பினேன். யார் ஜோடி வேண்டும் என்று சூப்பர்வைசர் கேட்டார். கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அந்தப் புலம்பல்காரிதான்" என்றேன். "ஏன், எனக்கு வேற ஆள் இல்லைன்னா நெனச்சே?" என்று சொல்லிக்கொண்டே அவள் வந்து எதிரே நின்றாள்.

முதல் விரிப்பு வந்தது. மூலையை இறுக்கிப் பிடித்தேன். துணியின் சூடு விரலில் தெரிந்தது, நாத்தனாரே. கட்டை விரலிலும் தெரிந்தது. ஆறு மாதமாக, மூலையைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு எங்கேயோ பார்த்துக்கொண்டே பிடித்தேன். உதறினோம். அவள் என்னை நோக்கி வந்தாள், நான் அவளை நோக்கிப் போனேன். "நேரா வருது" என்றாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் அவள் முகம் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே!

மத்தியானத்துக்குப் பிறகு மணிக்கட்டில் ஒரு சுளீர். என் வாய் வழக்கம்போல ஏதோ கேலிக்குத் திறந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் கேலியை விழுங்கிவிட்டு, "வலிக்குது" என்றேன். இரண்டு பேரும் விரிப்பைக் கீழே வைத்தோம். சூப்பர்வைசர் வந்து, "என்ன ஆச்சு?" என்றார். அவள் பேச வாயெடுத்தாள். "இரு, நான் சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். மேசை தாழ்வாக இருக்கிறது, மணிக்கட்டு மடங்குகிறது. ஈர விரிப்பைத் தனியாகப் பிரிக்காமல் எங்களிடம் தள்ளுகிறார்கள். மணிக்கு ஐந்து நிமிஷமாவது கையைத் தொங்கவிட வேண்டும். எனக்கு மட்டும் இல்லை, எல்லா மேசைக்கும். இரண்டு நிமிஷம் விடாமல் பேசியிருப்பேன். மின்னல்கூட அந்தப் பக்கத்திலிருந்து, "எனக்கும்தான் வலிக்குது" என்றாள். அவள் குரலை நான் கேட்டதே இன்றைக்குத்தான்.

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு போய் மேசைக் காலுக்கு அடியில் வைக்க நாலு கட்டை கொண்டுவரச் சொன்னார். ஓய்வு நேரத்தைப் பற்றி ஆபீசில் கேட்கிறேன் என்றார். கேட்காவிட்டால் தூறலை அனுப்புவோம் என்றேன். உடனே கேட்கிறேன் என்றார்.

அவர் போனதும் தூறலைப் பார்த்தேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். "விஷயம் பரவாயில்ல. குரல் பத்தல" என்றாள்.

சாயந்திரம் பலகையைப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின இடம். கடைசி இல்லை. மற்ற நாளாக இருந்தால் இன்னும் இரண்டு பக்கம் உன்னைக் கேலி செய்துதான் விடுவேன். ஆனால் கை வலிக்கிறது. அதனால் நிறுத்துகிறேன்.

அண்ணி